காலண்டர் தாளில் குறித்த சூடு: ஒரு நிகழ்வு ஆய்வு

பொங்கல் முடிந்த மறு வாரம். சென்னையில் ஃபேனை மூன்றில் வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்க முடிகிற சொற்ப நாட்கள் அவை. காலை பத்தரை மணிக்கு, அக்குபஞ்சர் செய்யும் என் பெரம்பூர் கிளினிக்குக்குள் வந்தவர், புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "அஞ்சுல வைங்க டாக்டர், ரெண்டு நிமிஷத்துக்கு."

வயது 46. கொரட்டூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன், ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடது மார்பில் இரண்டாம் நிலைப் புற்றுநோய், ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது பெண் ஹார்மோனால் வளர்வது; ஹெர்2 என்ற புரதம் மிகுந்த வகை இல்லை. கட்டியையும் இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் கீமோ, அதன் பின் கதிர்வீச்சு. மூன்றாவது கீமோவோடு மாதவிலக்கு நின்றுவிட்டது. எல்லாம் முடிந்ததும், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபன் மாத்திரை, 20 மில்லிகிராம், தினமும் ஒன்று. என்னிடம் வந்தபோது அதைத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

கேஸ் ஷீட்டில் நாங்கள் 'ஹாட் ஃப்ளாஷ்' என்று எழுதுவதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'குப்பு'. "குப்புனு ஏறும் டாக்டர். நெஞ்சுல ஆரம்பிச்சு கழுத்து, காது, மண்டைன்னு போகும். இட்லிப் பானை மூடியத் தெறந்தா மூஞ்சில ஆவி அடிக்குமே, அது மாதிரி. மூணு நிமிஷம் இருக்கும். அப்புறம் வேர்த்துக் கொட்டி, ஒடம்பே சில்லுனு ஆயிடும்." எந்தப் பாடப்புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான வர்ணனையை நான் படித்ததில்லை. அதனால் இந்தக் கட்டுரையிலும் குப்பு என்றே எழுதுகிறேன்.

பகலில் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார். வேர்த்த கையால் பட்டுத் துணியைத் தொட்டால் கறை படியும், கஸ்டமரிடம் பேச்சு வாங்க வேண்டும். ராத்திரிதான் பெரிய தொல்லை. நாலு தடவை எழுந்து, ரெண்டு தடவை நைட்டி மாற்றுவார். ஃபேனை இவர் ஐந்தில் வைப்பார், ஆஸ்துமா உள்ள கணவர் எழுந்து இரண்டுக்குக் குறைப்பார். கடைசியில் கணவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தார். காலையில் இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை.

புற்றுநோய் மருத்துவர் சும்மா விட்டுவிடவில்லை. முதலில் வென்லாஃபாக்சின் 37.5 மில்லிகிராம் கொடுத்தார். மன அழுத்தத்துக்கான மாத்திரைதான், ஆனால் குப்புக்கு நன்றாகவே கேட்கும். 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தினம் 75 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நாலு வாரத்தில் 61 சதவீதம் குறைந்தது, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 27 சதவீதம். இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டலும் வாய் வறட்சியும் தாங்காமல் ஒன்பதாம் நாள் விட்டுவிட்டார். அடுத்து காபாபென்டின் என்ற நரம்பு மாத்திரை, ராத்திரி ஒரு 300 மில்லிகிராம். அதில் குப்பு கொஞ்சம் அடங்கியது, ஆனால் காலை பதினொன்று வரை தலை கிறுகிறுவென்று இருந்தது. ஊசி நூல் கோக்க முடியாத தையல்காரர் என்ன செய்வார்? மன அழுத்த மாத்திரைகளில் பராக்செட்டின் என்று இன்னொன்றும் உண்டு. அது கல்லீரலில் டமாக்சிஃபன் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கும் என்பதால் இவர்களுக்குக் கொடுப்பதைத் தவிர்ப்பார்கள். குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை ஈடுகட்டும் ஹார்மோன் மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்து மீண்ட பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் நாட்டு ஆய்வை, நோய் திரும்புவது அதிகமானதால் 2003-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்திருந்தது. அதை அவர் இரண்டாவது சந்திப்பில்தான் சொன்னார், அதுவும் குரலைத் தாழ்த்தி. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியைத் தொட்டு வைத்தியம் பார்ப்பவர், இவரிடம் "இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் நிறுத்துனாத்தான் நான் பார்ப்பேன்" என்றிருக்கிறார். இவரும் டமாக்சிஃபனை நிறுத்தினார். 23 நாள். குப்பு நன்றாகவே குறைந்தது. குறையத்தானே செய்யும்? அதைக் கிளப்பிவிட்டதே அந்த மாத்திரைதான். டமாக்சிஃபன் உடம்பிலிருந்து முழுக்கப் போகச் சில வாரம் ஆகும், அது போகப் போகச் சூடும் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அந்த வைத்தியர் கை வைத்துக் குணமாக்கிவிட்டது போல இருக்கும். அடுத்த செக்கப்பில் மீதி மாத்திரைக் கணக்கு உதைத்தது. புற்றுநோய் மருத்துவர் உட்கார வைத்து நிதானமாகப் பேசி மறுபடி ஆரம்பிக்க வைத்தார். குப்பும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்த மாத்திரையின் அருமையை இங்கே சொல்லாமல் போக முடியாது. ஹார்மோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் ஐந்து வருடம் டமாக்சிஃபன் சாப்பிட்டால், சாப்பிடுகிற வருடங்களில் நோய் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகிறது. 15 வருடக் கணக்கில் பார்த்தால் அந்த நோயால் வரும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே இந்த அம்மாவிடம் நான் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்று: அவர் அந்த மாத்திரையைத் தொடரும்படி செய்வது. நான் போடும் அக்குபஞ்சர் ஊசி அதற்குத்தான். புற்றுநோய்க்கு ஊசி இல்லை. இதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி, அவரையும் கணவரையும் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். புற்றுநோய் மருத்துவருக்கும் கடிதம் எழுதினேன். 'டமாக்சிஃபனை நிறுத்தக் கூடாது. மற்றபடி ஆட்சேபணை இல்லை' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அக்குபஞ்சர் என்ற பெயரைக் கேட்டதும் அவர் எவ்வளவு எரிச்சல்பட்டிருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. அவர் மேல் தப்பில்லை.

நான் இயற்கை மருத்துவம் படித்தவள். ஐந்தரை வருடப் படிப்பில் அக்குபஞ்சரும் ஒரு பாடம். சீனாவிலிருந்து வந்த முறை என்றாலும் நம் நாட்டுக்கு ரொம்பப் புதிதில்லை. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில் டாக்டர் கோட்னிஸோடு இருந்த வங்காள மருத்துவர் பிஜோய் குமார் பாசு, பிற்பாடு அங்கேயே அதைக் கற்று வந்து கல்கத்தாவில் செய்யத் தொடங்கினார். இருந்தும் நம் ஊரில் அந்தப் பெயரில் என்னென்னவோ நடக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் கேஸ் நின்றுவிடும்.

குப்பு ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்புச் சூட்டைக் கவனிக்கும் இடம் மூளையின் ஹைப்போதலாமஸ். கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைந்தாலோ தடைபட்டாலோ அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஒரு டம்ளர் காபி குடித்த சூடுகூட அதற்குப் பெரிய விபத்தாகப் படும், உடனே ரத்தக்குழாய்களைத் திறந்து வியர்வையைக் கொட்ட வைக்கும். இதில் நியூரோகைனின் பி என்ற பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வழியை அடைக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற மாத்திரைக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆண்களுக்கும் குப்பு வரும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களைக் கேட்டால் தெரியும், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.

ஊசியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா இருந்தோம். பார்த்தது ரத்தப் பரிசோதனைகள் மட்டும். தைராய்டு சரியாக இருந்தது. வெள்ளணு, தட்டணு எண்ணிக்கை போதுமான அளவு. ராத்திரி வியர்வை என்று யாராவது சொன்னால் இந்த ஊரில் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. இருமல், எடைக் குறைவு, மாலைக் காய்ச்சல் எதுவும் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். டமாக்சிஃபன் ரத்தம் கட்டுவதைக் கூட்டும் என்பதால், காலில் ஊசி போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்தேன். இரண்டும் சமமாகவே இருந்தன. ஒரு உறவினர் கொடுத்த தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியத்தை மட்டும் நிறுத்தச் சொன்னேன். பெண் ஹார்மோன் போல வேலை செய்யுமோ என்று சந்தேகப்படுகிற பொருளை இந்த நோயாளிக்கு விட்டு வைக்க மனசு வரவில்லை.

அந்த ஒரு வாரம் குப்புகளை எண்ணி எழுதி வரச் சொன்னேன். நோட்டு கொடுத்தால் தொலைந்துவிடும் என்று அவரே ஒரு வழி சொன்னார்: தினக் காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம். மறு வாரம் ஏழு தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சூலம். பின்பக்கம் மார்க்கிங் சாக்கால் போட்ட கோடுகள். லேசானதற்குச் சின்னக் கோடு, நைட்டி மாற்ற வைத்ததற்கு நீளக் கோடு, அழ வைத்ததற்குக் குறுக்கே ஒரு வெட்டு. ஆய்வுகளிலும் கிட்டத்தட்ட இதுதான் முறை: லேசானதற்கு 1, மிகக் கடுமைக்கு 4 என்று மதிப்புப் போட்டு ஒரு நாளைக்குக் கூட்டுவார்கள். ஏழு நாளில் 77 குப்பு, அதாவது நாளுக்கு 11. மதிப்புக் கணக்கில் நாளுக்கு 26.

வெயில் வேர்வையையும் இதையும் எப்படிப் பிரிப்பது? அதற்கும் அவரே பதில் வைத்திருந்தார். "வெயில் வேர்வை முதுகுல ஆரம்பிக்கும், போகவே போகாது. இது நெஞ்சுல ஆரம்பிக்கும், போனா சில்லுன்னு இருக்கும்." அதையே விதியாக வைத்துக்கொண்டோம்.

அட்டவணையை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 120 பெண்களை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் இருந்ததுதான்: முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவை, பிறகு ஆறு வாரம் வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் பத்து. இரண்டு கால்களிலும் உள் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒன்று, கணுக்காலுக்குப் பின்னால் ஒன்று, முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் ஒன்று. அடிவயிற்றில் ஒன்று, உச்சந்தலையில் ஒன்று. வலது மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு. ஆக மொத்தம் பத்து ஊசி. இடது கையில் ஒன்றுகூட இல்லை. நிணநீர்க் கணு எடுத்த பக்கம், வீங்கினால் அப்புறம் ஆயுசுக்கும் தொல்லை. ஒரு தடவை போட்ட ஊசி குப்பைக்கு. கால் ஊசிகள் நாலில் கிளிப் மாட்டி, நொடிக்கு இரண்டு துடிப்பு வீதம் மெல்லிய மின்சாரம், அரை மணி நேரம். கெண்டைக்கால் தசை துடிக்கத் தொடங்கியதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தையல் மெஷின் பெடலை யாரோ என் கால வச்சு மிதிக்கிற மாதிரி இருக்கு."

மூன்றாவது தடவை நான் தப்பு செய்தேன். அன்று தைக் கிருத்திகை. அவர் விரதம். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. ஊசி போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "டாக்டர், வேர்க்குது" என்றார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சரி, குப்பு வந்துவிட்டது, படுத்திருக்கும்போதே பார்க்க ஒரு வாய்ப்பு என்று நான் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்க ஆரம்பித்தேன். அரை நிமிடம் போயிருக்கும். "கண்ணு இருட்டுது" என்றபோதுதான் நெற்றியைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. நாடி மெதுவாக, நூல் போல. இது குப்பே இல்லை, மயக்கம்.

மின்சாரத்தை அணைத்து ஊசிகளைச் சரசரவென்று எடுத்தேன், காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் தெளிந்தார். விரதம் போனால் போகிறது என்று சர்க்கரை போட்ட பால் குடிக்க வைத்தேன். குப்பு என்றால் முகம் சிவக்கும், மயக்கம் என்றால் வெளிறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவர்கள். நம் நிறத்தில் சிவப்பதும் தெரியாது, வெளிறுவதும் சட்டென்று தெரியாது. தொட்டால்தான் தெரியும்: குப்பு என்றால் நெற்றி சுடும், மயக்கம் என்றால் சில்லிடும். அதற்குப் பிறகு என் கிளினிக்கில் ஊசிக்கு முன் முதல் கேள்வி, "என்ன சாப்டீங்க?"

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லப்போனால் முதல் வாரம் 12 ஆனது. ரயிலில் வரும்போதே இரண்டு வந்ததாகவும், லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒரு பெண் தன் சீட்டைக் கொடுத்து விசிறியதாகவும் சொன்னார். அந்தத் தாளில் இரண்டு நீளக் கோடுகளுக்குப் பக்கத்தில் 'வில்லிவாக்கம்' என்று எழுதியிருந்தது. நாலாவது வாரம் நாளுக்கு 9, மதிப்பு 18. எண்ணிக்கையைவிட, குறுக்கு வெட்டு ஒன்றுகூட இல்லாததுதான் எனக்குக் கண்ணில் பட்டது. எட்டாவது வாரக் கடைசியில் நாளுக்கு 5, மதிப்பு 10. ராத்திரி ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. கணவர் ஹாலிலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டார். பக்க விளைவு என்று எழுத வேண்டியது அந்த மயக்கமும், வலது மணிக்கட்டில் ஒரு தடவை வந்த மிளகு அளவு ரத்தக்கட்டும்தான். டமாக்சிஃபன் ஒரு நாளும் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் காலி அட்டையைக் காட்டச் சொல்லியிருந்தேன்.

ஊசிதான் குறைத்தது என்று சத்தியம் செய்வேனா? மாட்டேன். நான் சொன்ன அந்த 2015 ஆய்வில், எட்டு வாரத்தில் மின் அக்குபஞ்சர் பெற்றவர்களின் மதிப்பு 7.4 குறைந்தது. தோலில் இறங்காத போலி ஊசி வைத்தவர்களுக்கு 5.9 குறைந்தது. காபாபென்டின் சாப்பிட்டவர்களுக்கு 5.2, வெற்று மாத்திரைக்கு 3.4. அதாவது போலி ஊசியே மாத்திரையோடு மல்லுக்கு நிற்கிறது. 2007-ல் நியூயார்க்கில் 72 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலும், நிஜ ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையே அடித்துச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், இத்தாலியில் 190 பெண்களை வைத்துச் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சுய பராமரிப்போடு பத்து தடவை அக்குபஞ்சரும் பெற்றவர்கள், சுய பராமரிப்பு மட்டும் செய்தவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். 2010-ல் டெட்ராய்ட்டில் 50 பேரை வைத்து வென்லாஃபாக்சினோடு நேரடியாக ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் இரண்டும் சமம். நிறுத்திய பிறகு மாத்திரைக்காரர்களுக்குச் சூடு சீக்கிரமே திரும்பியது, ஊசிக்காரர்களுக்கு அப்படி இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: ஊசி போடுவது என்கிற மொத்தக் காரியம் பலன் தருகிறது, ஆனால் அதில் ஊசி முனைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். இந்த அம்மா விஷயத்தில் இன்னும் சில கைகள் உண்டு. சாயங்காலக் காபியை அவர் நிறுத்தினார், டிகாஷன் வாசனைக்கே குப்பு வருகிறது என்று. 46 வயதில் கீமோவால் நின்றுபோன சூலகம் மறுபடி விழித்துக்கொள்வதும் உண்டு, அப்போது சூடு தானாகவே தணியும். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ரடியாலை ரத்தத்தில் பார்த்தோம், குறைவாகவே இருந்தது, மாதவிலக்கும் வரவில்லை. அப்புறம், அவரே சொன்னது: "கல்யாணம் ஆகி இருவத்திரண்டு வருஷத்துல, பகல்ல அரை மணி நேரம் யாரும் கூப்பிடாம படுத்தது இங்கதான் டாக்டர்." இதை எந்த மதிப்பெண்ணில் சேர்ப்பது?

வென்லாஃபாக்சின் ஒத்துக்கொள்கிற நோயாளி வந்தால் நான் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். விலை குறைவு, வேலையை விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் ரயிலேற வேண்டியதில்லை. இவர் என்னிடம் பத்து தடவைக்குக் கொடுத்த பணமும் வராமல்போன தையல் கூலியும் சேர்ந்தால் சின்னத் தொகை இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், இன்னொரு மாத்திரையா என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களுக்கும் ஊசி ஒரு நல்ல வழி. கீமோ நடந்துகொண்டிருக்கும்போது வெள்ளணு இறங்கியிருந்தால் நான் தொட மாட்டேன்.

மார்ச் மூன்றாவது வாரத்தோடு பத்து தடவையும் முடிந்தது. வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்குக் கொஞ்சம் உதறல்தான். மே கடைசியில், கத்திரி முடிகிற சமயம், வரச் சொல்லியிருந்தேன். ஒரு வாரத் தாள்கள், அதே ரப்பர் பேண்ட். நாளுக்கு 6, மதிப்பு 11. ஒரு தாளில் மட்டும் கோடுகளைக் காணோம், அதற்குப் பதில் ஒரு வரி இருந்தது: 'ராத்திரி கரண்ட் இல்லை, எண்ண முடியவில்லை, எல்லாருக்கும் குப்பு.' அந்த நாளைக் கழித்துவிட்டுத்தான் சராசரி போட்டேன்.

பையிலிருந்து டமாக்சிஃபன் அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். கேட்கவே இல்லை, அவராகவே. பத்தில் ஏழு காலி, மூன்று மீதி. தேதியோடு சரியாக இருந்தது. புற்றுநோய் மருத்துவருக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். ஃபேன் மூன்றில்தான் ஓடிக்கொண்டிருந்தது.